மைதீன் பாயின் சுண்ணாம்பு வட்டம்

செங்கோட்டை மரக்கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது: மைதீன் பாய் மவுத்தாகிவிட்டார், மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் தென்காசிக்குப் போனேன். பள்ளிவாசலில் நின்றவர்களில் பாதிப்பேர், தங்கள் தேக்குத் தோப்பை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் துபாயிலும் போலீஸிலும் வேலை பார்த்தவர்கள்.

தோப்பில் எந்த மரம் நிற்கணும், எதைக் களையணும் என்பது பாயின் முடிவு. களைந்ததை வாங்குகிறவன் நான். நான் கண் வைத்த மரத்தை ஒருநாளும் தரமாட்டார். கோணலும் நோஞ்சானும்தான் எனக்கு. கேட்டால், "நல்ல பிள்ளைகளையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியாச்சு. தோப்புலயாவது நல்லது ஊரோட நிக்கட்டும்வே" என்பார்.

சுண்ணாம்பு வட்டம் போட்ட மரத்தை வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். பாய் நேர்மாறு. நிற்கவேண்டிய மரத்துக்குத்தான் வட்டம் போடுவார். "நிக்கிற மரத்தைத்தானவே ஒண்ணொண்ணா தொட்டுப் பாக்கணும்?" கடையம் தோப்பில் புது வெட்டாட்களை இறக்கிய அன்று இதை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். சிவகிரியில் ஒரு பேரத்தை முடித்துவிட்டு மதியம் வந்து பார்க்கிறேன், வட்டம் போட்ட பதினாறு மரமும் தரையில் கிடக்கின்றன. கோணல் மரங்கள் மட்டும் நிற்கின்றன.

பாய் வந்தார். வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் முன்னாலேயே தோப்புக்காரரான இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, "அடையாளம் போட்டதுல தப்பாயிட்டு சார். என் தப்புதான்" என்றார்.

"ஏன் பாய் இப்படிச் சொன்னீரு?"

"உம்ம பேரைச் சொன்னா இனி எவன்வே உம்மைத் தோப்புக்குள்ள விடுவான்? ரெண்டு பொம்பளப்பிள்ளைய வச்சிருக்கீரு. எனக்கு இன்னும் நாலு தோப்பு கெடக்கு, போவும்."

அந்த நாலில் இரண்டு அடுத்த மழைக்குள் வேறு ஆள் பொறுப்புக்குப் போய்விட்டன. எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன். என் வியாபாரம் நடந்தது.

அடக்கத்தன்று, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட அந்த இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் நின்றார். "தங்கமான மனுசன் அண்ணாச்சி. கடையத்துல அந்த ஒண்ணுலதான் சறுக்கிட்டாரு." சொல்லிவிட வாயெடுத்தேன். மண் போடக் கூப்பிட்டார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

தோப்புக்காரர்களே, அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்: கடையத்தில் சறுக்கியது நான். பாயின் கையில் பிழை இல்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்து, இன்றுவரை நான் வைத்துப் பிழைப்பது, கெடாத ஒரு பெயர். அதைக் காட்டித்தான் உங்கள் தோப்புகளுக்குள் வந்துகொண்டிருந்தேன். இனி என்னை உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம்.