சைகோன் சுடுகாட்டுச் சேதி

அஞ்சலாட்சி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பலகாரத்துக்கான உளுந்து. பெண் கமலா, கொழுந்தன் சக்கரபாணியின் மகள். பிள்ளையில்லாத அஞ்சலாட்சியின் இடுப்பில்தான் அவள் வளர்ந்தாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் இடிக்க வேண்டும். முதல் உலக்கை பெரியம்மாதான் போடவேண்டும் என்று கமலா சொல்லிவிட்டாள். அதற்கு வாழ்கிற பெண்தான் வேண்டும். அஞ்சலாட்சி வாழ்கிற பெண்ணா என்பதில்தான் முத்தியால்பேட்டைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சந்தேகம்.

அவள் புருஷன் பலராமன் கல்யாணமான மூன்றாம் வருஷம் சைகோனுக்குக் கப்பலேறியவர். கடலுக்குள் நீண்ட பழைய பாலத்திலிருந்து படகில் போய்த் தூரத்தில் நின்ற கப்பலைப் பிடிக்க வேண்டும். படகு ஆடிய ஆட்டத்தில் அவர் தொப்பி கடலில் விழுந்தது. "அது மொதல்ல போயிடுச்சு, நான் பின்னால போறேன்" என்று பாலத்தைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அங்கே சந்தைக் குத்தகை எடுத்தவரிடம் கணக்கு எழுதினார். இரண்டு குச்சியால் சோறு தின்னப் பழகுவதாகவும், பாதி சோறு மடியில்தான் விழுவதாகவும் கடுதாசி போட்டார். தையல் மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினார். அதில் வெள்ளைக்காரர் வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துத்தான் அவள் இன்றுவரை தன் சோற்றைத் தானே தின்கிறாள். பிறகு உலகச் சண்டை வந்தது, கடுதாசி நின்றது.

சண்டை ஓய்ந்தபின் மெரி என்கிற நகரசபை ஆபீசிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பிரெஞ்சில் ஒரு காகிதம். சைகோன் கலவரத்தின்போது காய்ச்சலில் இறந்தார், நாள் உறுதியில்லை என்று குமாஸ்தா படித்துச் சொன்னார். அஞ்சலாட்சி அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள், "எரிச்சாங்களா, பொதைச்சாங்களா? அதுல போட்டிருக்கா?"

"அதெல்லாம் இதுல போடமாட்டாங்கம்மா."

அன்றைக்கு அவள் சூதாகக் கேட்கவில்லை. ஆனால் காகிதம் வந்த பத்தாம் நாள் தாலி வாங்கப் பெண்கள் கூடியபோது அந்தக் கேள்வியே அவளுக்குக் கைகொடுத்தது. "எரிச்ச நாளே தெரியாம பத்தாம் நாள் எது? சேதி வரட்டும், நானே கழட்டித் தர்றேன்." மாமியார் அப்போது உயிரோடிருந்தார். மகன் செத்ததை நம்பாதவர். "அவ கேக்கறது ஞாயந்தானே" என்றார். கூடியவர்கள் கலைந்து போனார்கள்.

அப்படியே ஓடிவிட்டது. தினம் குளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டாள், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டாள். குழாயடியில் வீராயி சும்மா இருப்பாளா? "என்னாக்கா, உன் வூட்டுக்காரரு கப்பல்ல வர்றாரா, பொகையில வர்றாரா?"

"எதுல வந்தா ஒனக்கென்னடி, ஒன் வூட்டுக்கா வரப்போறாரு? கொடத்த நகத்து."

சக்கரபாணி கெட்டவனில்லை. மில்லில் வேலை, அதிர்ந்து பேசாதவன். ஆனால் அமாவாசைதோறும் அப்பாவுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வரும்போது முகம் தொங்கிப்போயிருக்கும். "திதி குடுக்க ஒரு நாள் தெரிஞ்சா போதும் அண்ணி. அண்ணன் அங்க தாகத்தோட நிக்கற மாதிரியே இருக்கு." அவனும் ஆள் பிடித்துச் சைகோனுக்கு எழுதிப் பார்த்தான். சுடுகாட்டுக் கணக்கெல்லாம் கலவரத்தில் போய்விட்டதாகப் பதில் வந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. அஞ்சலாட்சி சாப்பிட்டாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சக்கரபாணி ஒரு பெரியவரை அழைத்து வந்தான். முல்லா வீதி ஜெய்னுலாபுதீன். சைகோனில் துணிக்கடை வைத்திருந்து போன மாதம்தான் ஊர் திரும்பியவர்.

"அண்ணி, பாய் அண்ணனோட ஒரே வீட்ல இருந்தவராம்."

அஞ்சலாட்சி முறத்தைக் கீழே வைத்தாள். பாய் அவள் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

அவள் சமையல்கட்டுக்குப் போக, அவரும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார்.

"இப்படின்னு எனக்குத் தெரியாதும்மா. ஒன்னும் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிடட்டுமா? ஒங்க இஷ்டம்."

"தெரியுமா, தெரியாதா?"

"வெறகு வாங்கனதே நாந்தான்." குரல் தணிந்தது. "தீபாவளிக்கு மூணாம் நாள். விடியக்காலம் போயிட்டான், சாயந்தரம் எடுத்தோம். கோயில் ஐயரு ஊர விட்டே ஓடிட்டாரு. நம்மூர் ஆளுங்க மூணு பேர். மழை வேற, கட்டை பத்தவே இல்ல. 'கப்பல்ல ஏறும்போதும் தொப்பி நனைஞ்சுது, இப்பவும் நனையறான் பாரு'ன்னு ஒருத்தன் சொன்னான். அழுதுக்கிட்டே சிரிச்சோம். அந்தத் தொப்பிக் கதைய அவன் சொல்லாத ஆளில்லை."

அஞ்சலாட்சி சொம்பை நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அவர் சொல்லிக்கொண்டு போகும்போது வாசல்வரை வந்தாள். பிறகு கூடத்துக்குத் திரும்பினாள். சக்கரபாணி எழுந்து நின்றான்.

"ஐப்பசி. தீபாவளிக்கு மூணாம் நாள். எரிச்சிருக்காங்க, பாய் கூடவே இருந்திருக்காரு. ஐயரைக் கேட்டுத் திதியைக் குறிச்சுக்குங்க."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. பன்னிரண்டு வருஷ பாரம் இறங்கியதைப் பார்க்க அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"ஒங்க அண்ணனுக்கு நாள் கெடைச்சிடுச்சு. எனக்கு ஒன்னு சொல்லுங்க. வெள்ளிக்கெழம மொத ஒலக்கைய நான் போடட்டுமா, வேணாமா?"

சக்கரபாணி அவளைப் பார்த்தான். உள்ளே கமலா யாரிடமோ வளையல் அளவு சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தெருப்பக்கம் இறங்கிப் போனான்.