பார்த்து எழுதிய ஆறு பேர்

உங்களில் யாராவது எட்டாம் வகுப்புப் பொது அறிவியல் பேப்பர் திருத்தியிருக்கிறீர்களா? ஒரு கட்டு... நாற்பத்திரண்டு பேப்பர்? இல்லையென்றால் தயவுசெய்து, "டீச்சருக்கென்ன, லீவு நிறைய" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் அப்படி ஒரு வெயில். ஒரு வாரமாக மூடிக்கிடந்த மூட்டம் விலகி, ஊரே ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஜன்னலோரம், சிவப்புப் பேனாவும் காலாண்டுத் தேர்வுக் கட்டுமாக உட்கார்ந்திருந்தேன்.

"தவளை ஒரு ______ விலங்கு." முதுகெலும்புள்ள என்று எழுத வேண்டும். ஒருத்தி "பாவப்பட்ட" என்று எழுதியிருந்தாள். மறுக்க முடியவில்லை. ஆனால் மார்க் போடவும் முடியாதே!

"கேரட் உண்பதால் கிடைக்கும் நன்மை யாது?" — "எங்கள் வீட்டில் கேரட்டை உண்ண மாட்டோம். ஒட்டன்சத்திரம் லாரியில் ஏற்றி விடுவோம்."

"மின்னலின்போது நாம் செய்ய வேண்டியது என்ன?" — "கரண்ட் போய்விடும். உடனே மெழுகுவர்த்தியைத் தேட வேண்டும்."

இதயம் வரையச் சொன்னால் பாதிப் பேர் பேரிக்காய் வரைந்திருந்தார்கள். காம்பு கூட இருந்தது. மூன்று மாதம் தொண்டை வற்றக் கத்தியது யாருக்காக? சுவருக்கா?

இருபதாவது பேப்பர் வாக்கில்தான் அது கண்ணில் பட்டது. "நீரின் கொதிநிலை ______ டிகிரி செல்சியஸ்." ஆறாம் வகுப்புக் குழந்தைக்குக் கூடத் தெரிந்த விஷயம். நூறு. இந்தப் பெண் 93 என்று எழுதியிருந்தாள்.

சுழித்துவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தேன். 93. அதற்கடுத்து ஒன்று சரி. அப்புறம் மறுபடியும் 93. எனக்குள் இருந்த போலீஸ்காரி விழித்துக்கொண்டாள். கட்டு முழுவதையும் புரட்டினேன். மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே பக்கம் உட்காருகிறவர்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. முப்பத்தாறு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அது படிப்பு. ஆறு பேர் ஒரே தவறான விடையை எழுதினால் அது காப்பி. விசாரணையே தேவையில்லை.

ஆறு பேப்பரிலும் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது பாண்டீஸ்வரியுடையது. மேல்மலையில் இருக்கிற போளூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். அவளைப் பார்த்துத்தான் மற்ற ஐந்தும் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். அவளுடைய அப்பாவுக்கு போன் போட்டேன்.

"உங்க பொண்ணு பரீட்சையில காப்பி அடிக்க இடம் குடுத்திருக்கா. நாளைக்கு வந்து என்னைப் பாருங்க."

"சரிங்க டீச்சர்." அவ்வளவுதான். பூண்டு எடுக்கிற நேரம், ஆள் கிடைக்காது, இன்னொரு நாள் வரட்டுமா... ஒன்றுமே கேட்கவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

திங்கட்கிழமை முதல் பெல்லுக்கு முன்னால் ஆறு பேரையும் லேபுக்கு வரச் சொன்னேன். வரிசையாக நின்றார்கள்.

"உண்மையச் சொல்லுங்க. பார்த்து எழுதினீங்களா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

"ஆமா மிஸ். பாத்துத்தான் எழுதுனோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுவார்கள், சாமி சத்தியம் செய்வார்கள் என்று எதிர்பார்த்து வந்தால், இந்தப் பெண் சட்டென்று ஒப்புக்கொள்கிறாள்! அதுவும் தலையைக் குனியாமல்!

"யாரைப் பார்த்து?"

"தெர்மாமீட்டரப் பாத்து மிஸ்."

விஷயம் இதுதான். ஆகஸ்டில் நான் பயிற்சிக்காக மூன்று நாள் திண்டுக்கல் போயிருந்தேன். அந்தச் சமயம் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பி.எட். மாணவி வகுப்பைப் பார்த்துக்கொண்டார். ஆர்வமான பெண். பிள்ளைகளை லேபுக்கு அழைத்துப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டியிருக்கிறார். ஒரு குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர். இந்த ஆறு பேரும் ஒரே குழு.

"தண்ணி தளபுளன்னு கொதிக்குது மிஸ், ஆனா தொண்ணூத்தி மூணுலயே நிக்கிது. அந்த மிஸ்தான் தெர்மாமீட்டர் ரிப்பேர், நீங்க நூறுன்னு எழுதிக்கங்கன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"வேற தெர்மாமீட்டர் எடுத்து வச்சுப் பாத்தோம் மிஸ். அதுவும் தொண்ணூத்தி மூணுதான். ரெண்டுமா ரிப்பேராக் கெடக்கும்?"

நான் விடுவேனா? பதினோரு வருட சர்வீஸ். "இப்பவே பார்த்துடலாம்" என்று பீக்கரை எடுத்தேன். பீரோவில் பிரிக்காமல் இருந்த புதுத் தெர்மாமீட்டரின் உறையைக் கிழித்தேன். ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. ஏழு பேரும் சுற்றி நின்றோம். எண்பது... எண்பத்தெட்டு... தொண்ணூறு. குமிழ் வந்தது. ஆவி பறந்தது. தொண்ணூற்று மூன்று.

நின்றுவிட்டது.

நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விளக்கை இன்னும் நெருக்கி வைத்தேன். தண்ணீர் குதியோ குதி என்று குதிக்கிறது. பாதரசம் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். இந்தப் பாடத்தை வருடாவருடம் நடத்துகிறவள் நான். உதாரணத்துக்கு யாரைக் கூப்பிடுவேன் தெரியுமா? இமயமலையை! ஏழாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு!

ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானாக ஒரு பீக்கரைக் கொதிக்க வைத்துப் பார்த்திருந்தால்...

அந்த நேரம் பார்த்து லேப் வாசலில் நிழல் விழுந்தது. பாண்டீஸ்வரியின் அப்பா. கால்சட்டை ஓரத்தில் காட்டு மண் காயாமல் இருந்தது. கையில் ஒரு பெரிய கட்டைப்பை. காலியாக மடித்து வைத்திருந்தார்.

"வெள்ளனே மொத பஸ்ஸப் பிடிச்சு வந்தேங்க டீச்சர்" என்றவர், மகளைப் பார்த்துத் திரும்பினார். "என்னத்தா செஞ்ச?"

அதுவரை நிமிர்ந்து நின்ற பெண் உடைந்து அழ ஆரம்பித்தாள்.

"மானக்கேடாப் போச்சுங்க. இவ படிச்சது போதும். எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா, காட்டு வேலைக்கு ஆளு பத்தலன்னு. நாந்தான் கேக்கல. துணிமணியெல்லாம் எடுத்துக்கச் சொல்லுங்க."

அந்தக் காலிப் பை எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கோடிட்ட இடம் ஒன்று. ஒரு மார்க். ஞாயிற்றுக்கிழமை எரிச்சலில் ஒரு போன். அதற்கு ஒரு பெண்ணின் படிப்பே மூட்டை கட்டத் தயாராகி நிற்கிறது!

"அண்ணே, இங்க வாங்க" என்று அவரை மேசைக்கு இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். "தப்பு உங்க பொண்ணு மேல இல்லை. என் மேல. அவ எழுதினதுதான் சரி. எனக்குத்தான் தெரியலை. என்னை மன்னிச்சிடுங்க."

மாணவிகள் முன்னால் இப்படிச் சொல்வது கஷ்டம்தான். சொல்லி முடித்ததும் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

அவர் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அதான் எங்கூர்ல பருப்பு வேக அம்புட்டு நேரமாகுதாங்க? கீழ ஒட்டன்சத்திரத்துல எந் தங்கச்சி வீட்ல வெரசா வெந்துருதே!"

நானும் ஒட்டன்சத்திரத்துக்காரிதான். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் வேகாத பருப்புக்காகக் கடைக்காரரோடு சண்டை போட்டவள். எம்.எஸ்சி. படித்த எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இவருக்கு இரண்டு நிமிடத்தில் தோன்றிவிட்டது.

"அப்ப எம்புள்ள திருட்டுத்தனம் ஒண்ணும் பண்ணலீல்ல?" என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். "இல்லை" என்று மூன்று தடவை சொன்னேன். "சோலி கெடக்குங்க" என்று, டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார். காலிப் பை காலியாகவே திரும்பிப் போனது. ஒரு நாள் வேலை கெட்டதற்கு என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்து ஹெச்.எம். அறை. நடந்ததைச் சொன்னேன். அவர் விடைக்குறிப்பைத் தட்டிக் காட்டினார்.

"கீயில நூறுன்னு இருக்கு டீச்சர். நம்ம ஊருத் தண்ணிக்காக மாவட்டம் பூரா கீய மாத்த முடியுமா?"

"கேள்வியில எந்த ஊர்ல கொதிக்க வைக்கணும்னு போடலையே மேடம்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னமோ செய்யுங்க. எங்கிட்டக் கேட்டதா சொல்லாதீங்க" என்று ஃபைலுக்குள் போய்விட்டார். நூறுக்கும் மார்க், தொண்ணூற்று மூன்றுக்கும் மார்க் என்று போட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பேப்பர் கொடுக்கும்போதுதான் பாண்டீஸ்வரி சொன்னாள், அவர்கள் குழுவில் ஏழு பேராம். ஏழாவது ஆள் ஜெனிபர். வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க். தெர்மாமீட்டரைக் கையில் பிடித்து அளவைப் படித்துச் சொன்னதே அவள்தானாம். அவள் பேப்பரைப் புரட்டினேன். நூறு என்று அழகாக எழுதியிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, நீதானே தொண்ணூத்தி மூணுன்னு படிச்சே?"

"ஆமா மிஸ். நம்ம ஊர்ல தொண்ணூத்தி மூணுதான்."

"அப்போ ஏன் நூறுன்னு எழுதினே?"

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நூறுதான வேணும் மிஸ்?"

இவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள். அந்த ஆறு பேரை நினைத்தால்தான்...