ஆறு பேர் போகும்வரை

மார்கழியில் எங்கள் தெருப் பெண்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அக்கா சிதம்பரம் புறவழிச்சாலையில் ஓடிக்கொண்டிருப்பாள். பின்னால் சைக்கிளில் அப்பா வருவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

அப்பாவுக்கு பஸ் டெப்போவில் மெக்கானிக் வேலை. அது பிழைப்புக்கு. மனசெல்லாம் ஓட்டத்தில்தான். பள்ளிக்கூடத்தில் அவரும் ஓடியவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார். காலையில் மைதானத்தில் ஓடுகிற பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஓர் ஓட்டக் கழகம் தொடங்கியிருந்தார்கள். அப்பா அதற்குச் செயலாளர். தலைவரும் பொருளாளரும் தனியாக இருந்தார்கள், புகைப்படத்துக்கு நிற்பதற்கு.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அந்தக் கழகம் கடலோரச் சவுக்குக் காட்டில் ஒரு போட்டி வைத்தது. பெண்களுக்கு ஆறு கிலோமீட்டர், காட்டுக்குள் மூன்று சுற்று. முதல் ஆறு பேர் மாவட்ட அணியில் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். போய் வந்தால் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும். அப்பா இதை எத்தனை முறை சொன்னாரோ, பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அக்காவைப் பார்த்தால் சீட்டைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

அக்கா அப்போது பிளஸ் டூ. காலையில் ஓட்டம், பிறகு பள்ளிக்கூடம், டியூஷன், சாயங்காலம் மறுபடி ஓட்டம். ராத்திரி சாப்பிடும்போது கை சோற்றில் இருக்கும், கண் மூடியிருக்கும். அம்மா ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு வாரம் வுடுங்க அவள. பாதியா எளச்சிட்டா."

"இந்த ஒரு போட்டி முடியட்டும்" என்றார் அப்பா. அதற்கு முந்தைய போட்டிக்கும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

போட்டியன்று காட்டுக்குள் பனி இறங்கி மணல் ஈரமாக இருந்தது. மேலே சவுக்கு ஊசிகள் மெத்தை மாதிரிக் கிடந்தன. பார்க்க மெத்தைதான். கால் வைத்தால் உள்ளே புதையும், ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கவேண்டும். முதலில் சிறுமிகளுக்கு ஒரு சுற்று. பதினொரு வயதில் நானும் ஓடினேன், பதினான்கு பேரில் ஒன்பதாவதாக வந்தேன். அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. அக்காவின் முதுகில் எண் அட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்.

பெண்கள் ஓட்டம் தொடங்கியது. இரண்டு சுற்றிலும் அக்கா மூன்றாவதாக வந்தாள். கடைசிச் சுற்றில் அவளுக்குக் கைதட்டவேண்டும் என்று நான் மரங்களுக்குள் குறுக்கே புகுந்து, ஆளே நிற்காத ஒரு வளைவில் போய் நின்றேன். இரண்டு பேர் கடந்து போனார்கள். பின்னாலேயே அக்கா வந்தாள். நன்றாகத்தான் ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓட்டம் நடையாயிற்று. பிறகு பாதையை விட்டு விலகி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய், "காலு வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மூச்சு அடங்கியதும், "எத்தினி பேரு போயிருக்காங்க?" என்றாள்.

"ரெண்டு பேரு."

"ஆறு பேரு போனதும் சொல்லு."

எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. அக்கா ஒரு வேலை சொன்னாள், நான் எண்ணினேன். மூன்று. நான்கு. ஐந்தாவதாக வந்தவள் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெண், செருப்புகூட இல்லாமல் ஓடினாள். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "இன்னாக்கா, ஒக்காந்துட்ட?" என்றாள்.

"நீ போம்மா, நிக்காத" என்றாள் அக்கா. அவ்வளவு அன்பாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

ஆறாவது ஆள் வர நேரமாயிற்று. அக்கா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆறாவது பெண் கடந்து போனதும் தோளைத் தொட்டு எழுப்பினேன். எழுந்து, பாவாடை கட்டியிருப்பவள்போல நிதானமாகப் பின்பக்க மணலைத் தட்டிக்கொண்டாள்.

"சுளுக்கிகிச்சின்னு சொல்லப்போறேன். நீ ஒண்ணும் பாக்கல, புரிதா?"

தலையாட்டினேன். காடு முடிகிற இடம்வரை ஒழுங்காக ஓடினாள். ஆட்கள் தெரிந்ததும் வலது காலை நொண்ட ஆரம்பித்தாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் நீட்டிய காலை மடியில் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தார். அது இடது கால். அக்கா எந்தக் காலைக் கொடுத்தாளோ அதைத் தேய்த்தார்.

வேனில் திரும்பும்போது புவனகிரி தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, அன்று முதல் முறையாக என் பக்கம் திரும்பினார்.

"கடைசி வளவுல நீ நாலு பேர முந்தின இல்ல?"

பார்த்திருக்கிறார். ஆமாம் ஆமாம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே எனக்குப் புது ஷூ வந்தது. முதல் நாள் காலை, இருட்டு கலைவதற்குள் அப்பா சைக்கிளோடு தயாராக நின்றார். அக்கா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். லேஸை இழுத்துக் கட்டிவிட்டாள். கட்டிய பிறகும் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா ஒக்காந்துடு" என்றாள், அப்பாவுக்குக் கேட்காத குரலில். "வலிக்கலன்னாலும் ஒக்காரலாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. புது ஷூ எனக்கு வந்துவிட்ட பொறாமை என்று நினைத்தேன். காலை உதறி விடுவித்துக்கொண்டு அப்பாவை நோக்கி ஓடினேன்.