வேதசாட்சிக்கு ஊற்றிய தண்ணீர்

மகளுக்கு அம்மை போட்டதும் நிலைப்படியில் வேப்பிலை செருகினோம். மாடியில் வீட்டுக்கார அம்மா, பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கப்படி எல்லாருக்கும் 'மதாம்'; கீழே வாடகைக்கு நாங்கள். மதாம் எழுபது தாண்டியவர், தனியாக இருப்பவர். காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

மதாம் வேப்பிலையைப் பார்த்தார். "தம்பி, மேல வந்து அந்தப் படத்தக் கழட்டுங்க" என்றார்.

அவர் கூடத்தில் தொங்கிய பெரிய எண்ணெய் வண்ணப் படம் அது. நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியம் ஒன்றைப் பார்த்து யாரோ வரைந்த நகல். அவருடைய தாத்தா கப்பலில் கொண்டுவந்ததாம். மரத்தில் கட்டப்பட்ட ஒரு வாலிபர், உடம்பெல்லாம் அம்பு. பின்னால் நீல மலை, வளைந்தோடும் ஆறு, மேயும் ஆடுகள். அந்த ஓவியர்மேல் எனக்கு எப்போதும் கோபம். ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், இவருக்கு ஆடு மேய்க்க நேரம் இருக்கிறது!

"இவரு வேதசாட்சி, கிறிஸ்தவ வேதத்துக்காக உசுர விட்டவரு. அம்மைக்கு நாங்க இவருகிட்டதான் வேண்டிக்குவோம். கீழ கொண்டுபோயி புள்ள கண்ணுல படுற மாதிரி மாட்டுங்க" என்றார் மதாம்.

மகள் வேதசாட்சியைக் கண்டுகொள்ளவே இல்லை. அரிப்பு தாங்காதபோதெல்லாம் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அதுல ஒருவாட்டி எறங்குனா போதும்பா, எரிச்சல் அடங்கிடும்" என்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், வேப்பிலை ஒரு பக்கம் இருந்தாலும், சொறியாமல் அவள் கையைக் கட்டிப்போட்டது அந்த ஆறுதான். ஓவியரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வந்தால், படம் சொட்டச் சொட்ட நிற்கிறது. மகளுக்கு ஊற்றிய மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரில் ஒரு சொம்பை என் மனைவி வேதசாட்சிக்கும் ஊற்றியிருந்தாள்.

"ஏங்க, இத்தினி நாளு அம்மை வூட்டுல கூடவே இருந்தாரு. அவருக்கு மட்டும் ஊத்தாம வுடலாமா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். பழைய வண்ணத்தின் வெடிப்புகளில் மஞ்சள் இறங்கி, வானம் பச்சை பாரித்திருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. இரண்டு நாள் மறைத்து வைத்தேன். லாஸ்பேட்டையில் வேறு வீடுகூட விசாரித்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை, வருவது வரட்டும் என்று படத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மகளும் பின்னாலேயே வந்தாள்.

"வானம் போச்சு மதாம். தெரியாம பண்ணிட்டோம்" என்று தொடங்கினேன். படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"அத அப்பிடி சாத்தி வைங்க" என்றார் மதாம். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மகளைச் சன்னலோரம் அழைத்துப் போனார். முகவாயைப் பிடித்து, நெற்றி, கன்னம், காதோரம் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தழும்பு ஒண்ணும் நிக்கல, தம்பி" என்றார், ரொம்ப சந்தோஷமாக.

பெற்றவன் நான். இரண்டு நாளாகப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.