இளவேனில் யார் வீட்டுப் பேர்?

பேயாண்டிக்கு நாலாவதும் பெண்ணாகப் பிறந்தது. இனிமேல் பெண் வேண்டாம் என்று தெய்வத்துக்குத் தெரியப்படுத்த, அந்தப் பிள்ளைக்குப் போதும்பொண்ணு என்று பேர் வைத்தார். செக்கானூரணிப் பக்கம் இது வழக்கம்தான், ஊருக்கு நாலு போதும்பொண்ணு இருப்பார்கள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? தெய்வத்துக்குத் தகவல் சொல்வதென்றால் கோயிலுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே. பிள்ளையின் மேல் எழுதி ஒட்டுவானேன்?

நான் அவளை முதலில் பார்த்தது 1999-இல், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். பட்டுச்சேலை கவுண்டரில் நான் ஆறு வருஷப் பழசு, அவள் அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தாள். என் பேர் ஸ்வர்ணா. எங்கள் சௌராஷ்டிர வீடுகளில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைப்பதற்குள் ஆளாளுக்குச் சண்டை நடந்துவிடும். எனக்கு இந்தப் பேர் வைத்தபோது என் அத்தைகள் இரண்டு பேர் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லையாம். வேண்டாம் என்பதையே ஒரு பிள்ளைக்குப் பேராக வைப்பார்கள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கடை சூப்பர்வைசர் அவளைப் "போதும்" என்று சுருக்கிக் கூப்பிடுவார். சேலை பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சொன்னாள். "எனக்கு ஒரு மக பொறந்தா இளவேனில்னு பேரு வைப்பேங்க்கா."

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஆறு பருவங்களை ஒப்பிக்கச் சொன்னார்களாம். மற்ற ஐந்தும் மறந்துபோய், இது மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மதுரையில் அந்த இரண்டு மாசமும் தார்ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். அதைச் சொல்லி அவளைக் கேலி செய்தேன்.

"வெயில் கெடக்கட்டும். சொல்லிப் பாருங்க, வாயெல்லாம் குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியது அவள் அப்பா. மாப்பிள்ளை பார்த்தது தாய்மாமன். கட்டிக்கொண்டு வரவேண்டிய சேலையின் நிறம்கூடக் கடை முதலாளி சொன்னதுதான். அவளாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு பேர்தான், அதை வைத்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை தங்கப்பாண்டி, கீழக்குயில்குடியில் டூவீலர் மெக்கானிக். நல்ல வேலைக்காரர், குடி கிடையாது. ஆனால் கட்சியில் கிளைச் செயலாளர். தலைவர் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். தலைவர் என்றால் எங்கள் மாவட்டத்தில் அந்தக் கட்சியின் பெரிய புள்ளி. அவர் பேரை நான் சொல்லப் போவதில்லை, சுவரெல்லாம் எழுதியது போதும்.

2002-இல் போதும்பொண்ணு உண்டானாள். அன்றைக்கே புருஷனிடம் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

"இளவேனிலா? வாயிலயே நுழையல. சனம் சிரிக்கும்" என்றார் தங்கப்பாண்டி. "பொம்பளப் பிள்ளைன்னா எங்காத்தா முனியாயி பேருதான். முடிஞ்சுபோச்சு."

அவள் விடவில்லை, மாசம் ஒரு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் முடிஞ்சுபோச்சு என்றார். ஏழாவது மாசம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் அவள் கடைக்கு வந்த முகமே சரியில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை அது, கர்ப்பிணி என்றாலும் ஸ்டூல் கிடையாது. கால் வீக்கமோ என்று நினைத்தேன்.

"அக்கா, எம்பேர எடுத்துட்டாக."

விஷயம் இதுதான். தலைவருக்குப் பேத்தி பிறந்து, பெரிய மண்டபத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். பெரியார் நிலையத்திலிருந்து கோரிப்பாளையம் வரைக்கும் ஒரே ராத்திரியில் போஸ்டர். இரண்டு மாசக் குழந்தையின் தலையில் கிரீடம் ஒட்டி, "குலவிளக்கே, இளவேனிலே, வருக!" என்று கொட்டை எழுத்து. கண் திறந்து சரியாகப் பார்க்கத் தெரியாத பிள்ளையை வரவேற்க போஸ்டரில் நாற்பது பேர் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள்.

தமிழ் வார்த்தைதானே, யார் வேண்டுமானாலும் வைக்கலாமே என்றேன்.

"யாரு வேணா வைக்கலாம்க்கா. என்னால மட்டும் வைக்க முடியலையே" என்றாள்.

அன்று சாயங்காலம் தங்கப்பாண்டி மிச்சர் பொட்டலமும் அல்வாவுமாக வீட்டுக்கு வந்தாராம். "இந்தா புள்ள, பேரு முடிவாகிப்போச்சு. பொண்ணு பொறந்தா தலைவர் பேத்தி பேருதான். இளவேனில். எம்புட்டு அழகா இருக்கு பாரு."

"இதத்தான ஏழு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"நீ சொல்றதும் தலைவர் சொல்றதும் ஒண்ணா?"

மறுநாள் இதை அவள் சொல்லக் கேட்டபோது கையில் இருந்த சேலையை நான் மடிக்காமலே அலமாரியில் திணித்தேன். அவள் வாயிலிருந்து வந்தால் நுழையாத பேர், தலைவர் வாயிலிருந்து வந்ததும் அல்வாவோடு உள்ளே போய்விட்டது. இதற்கு அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பங்குனியில் பெண்ணே பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி, தலைவர் பேத்தி பேரா என்று. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வைத்திருக்கிற பேர் என்று இவள் விளக்குவாள். தலையாட்டிவிட்டு, தங்கப்பாண்டி விசுவாசமான ஆள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசியில் விளக்குவதை விட்டுவிட்டாள். பிள்ளையைப் பேர் சொல்லாமல் "பாப்பா" என்றே கூப்பிட்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவுக கட்சியில சேத்துவிட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள்.

பிள்ளைக்கு மூன்று மாசம் ஆனபோது தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. கட்சிக் குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தலைவர் கையால் பேர் சூட்டித் தங்க மோதிரம் போடும் விழா. தங்கப்பாண்டி இவளைக் கேட்காமலே பட்டியலில் பேர் கொடுத்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. "அக்கா, கூட வாங்க. தனியாப் போக முடியாது."

மைதானத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, பதினெட்டுத் தாய்மார்களை மடியில் பிள்ளையோடு உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தி சேலையிலும் ரேஷன் கடை மாதிரி நம்பர் குத்தியிருந்தது. இவள் பதினொன்று. மேடை ஏறும் முன்னால் ஒன்றியச் செயலாளர் சோணைமுத்து ஒரு தாளோடு வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இளவேனில்னு யாரும் கேக்கப்பிடாது. அது தலைவர் வீட்டுப் பேரு. கண்டவுகளும் வைக்கிறாகன்னு வீட்டுல சங்கடப்படுறாக. தலைவரே பாத்து வேற பேரு வைப்பாரு."

கண்டவுகளாம். இந்தக் கண்டவர்கள்தான் வெயிலில் நின்று அந்த வீட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். நான் தங்கப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே நிமிர்த்திக்கொண்டு, "சரிதாண்ணே, தலைவர் எது வச்சாலும் எங்களுக்குச் சம்மதம்" என்றார். ஐந்தாறு மாசத்துக்கு முன்னால் அல்வா வாங்கி வந்த அதே பேருக்கு அது இரண்டாவது முடிஞ்சுபோச்சு.

போதும்பொண்ணு பிள்ளையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. எழுந்து வா, போகலாம் என்றேன். "இருங்கக்கா" என்றாள்.

பதினொன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். தலைவர் பிள்ளையை வாங்கி, முறைப்படி காதோரம் குனிந்து, கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று மைக்கை வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டு, "தங்கப்பொண்ணு, தங்கப்பொண்ணு, தங்கப்பொண்ணு" என்று மூன்று தரம் சொன்னார். அது தன்னுடைய அம்மா பேர் என்று அறிவித்ததும் கைதட்டல். தங்கப்பாண்டி கும்பிட்டபடி நின்றார்.

பிள்ளை வீரிட்டது. போதும்பொண்ணு கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்த தாயைக் கூப்பிடுவதற்குள், நின்ற இடத்திலேயே பிள்ளையின் காதில் வாயை வைத்தாள். மைக் தலைவரின் கையில் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று பிற்பாடு தங்கப்பாண்டி கட்சியில் போய் எழுதிக் கொடுத்தார். நான் நம்பவில்லை. ரகசியம் சொல்கிறவள் அவ்வளவு நிறுத்தி, அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டாள்.

"இளவேனில்."

மைதானத்தில் கட்டியிருந்த அத்தனை குழாயிலும் அது கேட்டது. சோணைமுத்து மேடையை நோக்கி ஓடினார்.

"இளவேனில். இளவேனில்."

யாரும் கைதட்டவில்லை. தலைவர் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார், பாவம், வேறென்ன செய்வார். மோதிரத் தட்டோடு ஒரு பெண் வந்தாள். போதும்பொண்ணு அதற்கு நிற்காமல் படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள். பின்னாலேயே தங்கப்பாண்டி, முகமெல்லாம் வேர்த்து, வார்த்தை குழற.

"ஏய், என்ன காரியம்டி பண்ணிட்ட?"

"எம்பிள்ளைக்குப் பேரு வச்சேன்" என்று சொல்லிவிட்டு, "இளவேனிலு, அழுகாத ஆத்தா, பஸ்ஸு வந்துரும்" என்றாள்.