செவ்வாய்க்கிழமை அறுத்த சேலை

நல்லம்மா ஏறினால் கலஹா பஸ் கண்டக்டர் கேட்காமலே மிச்சக்காசைக் கொடுத்துவிடுவான். அவள் கோபம் அப்படிப் பேர் போனது. புருஷன் இருளப்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தக் கோபம் சும்மா வந்ததா என்ன?

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். அவள் கல்யாணத்துக்குக் கூறைச் சேலை இரவல். கங்காணி வீட்டில் பெரிய மனது பண்ணிக் கொடுத்தார்கள். தாலி ஏறியது, பந்தி இன்னும் முடியவில்லை, அதற்குள் "கறை பட்டுரும், கழட்டிக் குடு" என்று ஆள் வந்து நின்றது. மணப்பெண் உள்ளே போய்ச் மலிவான சீத்தைச் சேலைக்கு மாறி வந்து இலையில் மிச்சம் இருந்ததைத் தின்றாள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அவள் தாடை இறுகும். இறுகாதா பின்னே?

சில வருஷம் கொழுந்து பறித்தாள். பிறகு, கண்டியில் புடவைக் கடை வைத்திருக்கும் மாத்தளைக்காரர் சண்முகநாதன் முதலாளி கலஹாவில் பட்டுத் தறிகள் போட்டபோது, காஞ்சிபுரத்திலிருந்து வந்த நெசவாளி ஒருவரிடம் தொழில் பழகினாள். அவர் ஊர் திரும்பிவிட்டார். இவள் தறியை விடவில்லை. கண்டியில் எத்தனையோ பெண்கள் இவள் நெய்த பட்டை உடுத்தி மணவறை ஏறியிருக்கிறார்கள். இவள் உடம்பில் பட்ட பட்டு, அந்த இரவல் சேலை ஒன்றுதான்.

அந்தத் தறிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்காரி வீட்டில் கல்யாணம் வந்தால், சொந்த நூலைப் போட்டு, மூலையில் சும்மா கிடக்கும் பழைய தறியில் வேலை நேரம் போக ஒரு சேலை நெய்துகொள்ளலாம். அதற்கு வீட்டுச் சேலை என்று பேர். தறியிலிருந்து அறுத்து இறக்கியதும் அதன் மூலையில் மஞ்சள் தொட்டு, உடுத்தப் போகிறவள் பேரைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் பட்டது வீட்டுச் சேலை, மொட்டையாக இருப்பது கடைச் சேலை. ஒருத்தி பேர் சொல்லி மஞ்சள் வைத்த கூறையை இன்னொருத்தி உடுத்தமாட்டாள் என்பதால் இதற்கு மேல் காவல் எதுவும் தேவைப்படவில்லை.

மகள் துஷானிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். அவள் பேராதனையில் பார்மசி ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. ஆசைப்பட்டு எதையும் கேட்டு அறியாதவள், கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே இதை மட்டும் கேட்டாள்.

"மாங்கா, மயிலு ஒன்னும் வேணாம்மா. நம்ம வேலி மரத்துல படர்ந்திருக்கே மெளகுக்கொடி, அதக் கரையில போட்டுத் தாங்க."

போட்டாள். ஒவ்வொரு கொத்துக்கும் விரலால் இழை பொறுக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து போட்டாள். அரக்குச் சேலை, பச்சைக் கரை, கரை நெடுக மிளகுச் சரம். இந்தச் சேலையைக் கழட்டிக் குடு என்று எந்தக் கங்காணி வீட்டு ஆளும் வந்து நிற்க முடியாது. அதை நினைத்துக்கொண்டேதான் நெய்தாள்.

அறுத்து இறக்கிய நாள் செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று. கல்யாணத் துணிக்குச் செவ்வாயில் மஞ்சள் வைக்க அவளுக்குக் கை வரவில்லை. விடிந்தால் புதன், தலைக்குக் குளித்துவிட்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று மடித்துத் தறி மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

புதன் காலை, அரைத்த மஞ்சளை வெற்றிலையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தால் தறி மேல் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தறி ஹபீலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, நேத்து நீங்க போன கையோட மொதலாளி வந்து, கடச் சேலயோட சேத்து வேன்ல ஏத்திட்டுப் பெய்த்தாரு. இது ஒங்கட ஊட்டுச் சேலன்னு நான் செல்லிப் பாத்தேன். மஞ்சள் எங்கன்னு கேக்காரு!"

தெரிந்தே எடுத்திருக்கிறான் மனுஷன்! நல்லம்மா நின்ற நிலையில் திரும்பி பஸ் ஏறினாள். பேராதனை வந்தது, கண்டி வந்தது, வெற்றிலை மடிப்பைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டி முதலாளி கடைக்குள் நுழைந்தபோது, கண்ணாடி முன்னால் ஒரு கல்யாணப் பெண் தோளில் மிளகுக்கொடி கிடந்தது. பெண்ணின் தாய் கரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, அது எம்மக சேலை."

சண்முகநாதன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சத்தம் போடாத. பெரிய எடம். ஒம்மகளுக்கு அலுமாரியில எது புடிக்குதோ எடுத்துக்க."

"அவ கேட்டது இது. ஹபீலா ஒங்ககிட்ட சொன்னாளா இல்லையா?"

"சொன்னா. மஞ்சள் இருந்தா தொட்டிருப்பேனா? மொட்டையாக் கெடந்தா கடைச் சேலைன்னு நீங்கதானே வச்சிருக்கீங்க! வெள்ளிக்கெழமதானே கல்யாணம், இன்னொன்னு நெய்ஞ்சுக்கயேன்."

அடப்பாவி! தறி வைத்துப் பிழைக்கிறவன் சொல்கிற பேச்சா இது? மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்து நெய்ததை வெள்ளிக்கிழமைக்குள் இன்னொன்று நெய்வதாம்! நல்லம்மாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. திட்ட வாயைத் திறந்தாள். அந்த நேரம் பெண்ணின் தாய் குரல் கொடுத்தாள்.

"மொதலாளி, மஞ்சள் கொஞ்சம் இருக்குமா? மூலையில தொட்டு, பேரு சொல்லித்தான் கூறைய எடுத்துட்டுப் போவோம். எங்க பழக்கம் அது."

முதலாளி மேசை லாச்சியை இழுத்தார், சாமிப் படத்துத் தட்டைத் தேடினார். எங்கும் இல்லை. கடைசியில் அவர் கண் நல்லம்மா கையில் இருந்த வெற்றிலை மடிப்பில் விழுந்தது.

"இந்தா இவ கொண்டு வந்திருக்கா. எங்க தறியில நெய்யிற பொம்பளதான். நல்லம்மா, அந்த அம்மாகிட்ட மஞ்சளக் குடு."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பிள்ளையின் சேலையைப் பறித்ததும் போதாமல் அதற்கு மஞ்சளும் இவளே கொடுக்க வேண்டுமாம்.

நல்லம்மா வெற்றிலையைப் பிரித்துக்கொண்டு நேரே போனாள். கல்யாணப் பெண் சிரித்த முகமாக முந்தானை மூலையை நீட்டினாள். நல்லம்மா விரல் நிறைய மஞ்சள் எடுத்து அதில் அழுத்தித் தொட்டாள்.

"துஷானி," என்றாள், கடை முழுக்கக் கேட்க. "நான் பெத்த மக துஷானி. வெள்ளிக்கெழம அவ உடுத்தப் போற சேலை இது. நூலு எங்காசு, நெய்ஞ்சது எங்கையி."

பெண் சிரிப்பை நிறுத்தினாள். தோளில் கிடந்ததைப் பதனமாக எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "எடுத்துக்கங்கம்மா. எங்களுக்குத் தெரியாது."

தாய் முதலாளி பக்கம் திரும்பினாள். "இன்னொரு பொண்ணு கூறையையா எம்பிள்ள தோள்ல போட்டுப் பாக்கச் சொன்னீங்க? நீங்க நல்லா இருப்பீங்களா?" மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

சண்முகநாதன் முகம் கறுத்தது. "யாவாரத்தக் கெடுத்துட்டியேடி! இனி எந்தறிப் பக்கம் கால வைக்காத!"

நல்லம்மா சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் சோறு தின்பது அந்தத் தறியால்தான். அது போய்விட்டது, அவளுக்குத் தெரியும்.

"வைக்கல மொதலாளி. எந்தறியில இன்னொரு சேலை பாதியில நிக்கிது. அதுல நான் மஞ்சளும் வைக்கல, யார் பேரும் சொல்லல. மொட்டையாத்தான் கெடக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள மிச்சத்த நெய்ஞ்சு வித்துக்கங்க."