ஒட்டடைக்கொம்பு வாங்கிய தள்ளுவண்டி

டிப்போவில் அவளை ஒட்டடைக்கொம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரம். பிறந்த அன்றே கால் இரண்டும் தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன என்று அவள் வீட்டில் ஒரு கதை உண்டு. மழை வருமா என்று வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவள் உச்சந்தலையைத் தொட்டால் போதும், ஊருக்கு முன்னால் அது நனைந்திருக்கும் என்று டிப்போ மெக்கானிக் சத்தியம் செய்வார். நகரப் பேருந்து ஓட்டுகிறவள் காதில் இதெல்லாம் தங்குமா?

தங்கியது கண்ணில்தான். நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது, இறங்கிப் போகிறவர்கள் பக்கக் கண்ணாடியில் தெரிவார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி போவாள். அந்தப் பிள்ளை அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கையாட்டும். பேருந்துக்குத்தான் ஆட்டும், ஓட்டுகிறவளுக்கு அல்ல. அது தெரிந்தும் அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவாள். கண்ணாடிக்குள் அந்தக் கை சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிக் காணாமல் போகும். கல்யாணம் என்ற நிறுத்தத்தில் அவள் வண்டி நிற்காமலே வந்துவிட்டது. யார் மணியடிக்க மறந்தார்கள் என்று இப்போது விசாரித்து என்ன பயன்?

இப்போது அவள் தம்பி மனைவிக்கு எட்டாம் மாதம். பிரசவ விடுப்பு முடிந்ததும் பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதாகப் பேச்சு. ஒட்டடைக்கொம்புக்கோ காலை டூட்டி. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் அவளும் நாலு சுவரும்தான். ‘மத்தியானத்துல எங்கிட்ட விடேன்’ என்று கேட்க வாய் வரைக்கும் வரும். வந்ததை விழுங்கிவிடுவாள். அத்தை என்றால் பொம்மை வாங்கித் தரலாம், மடியில் வைத்துக் கொஞ்சலாம். பிள்ளையையே கேட்கலாமா? கேட்டு, அந்தப் பெண் “பாக்கலாம் அண்ணி” என்று இழுத்துவிட்டால்?

அதனால் வேறொன்றைச் சொன்னாள். “தள்ளுவண்டி என் பொறுப்பு. வண்டியப் பத்தி உங்க ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்?”

அடுத்த நாள் டூட்டி முடிந்து, சீருடையோடு கடைக்குப் போனாள். கையில் ஒரு துண்டில் சுற்றிய கோதுமை மாவுப் பை. பிறந்த பிள்ளையின் எடையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். பிள்ளை வளராதா என்ன?

கடைக்காரம்மா முதலில் காட்டியது ஒரு தேர். மூன்று பெரிய சக்கரம், குடை, பால் புட்டிக்கு ஒரு மாடம், அம்மாவின் காபிக்கு ஒரு மாடம்.

“இத ஓட்ட லைசென்ஸ் வேணுமா?”

“ஐயோ, அதெல்லாம் வேணாங்க.”

“இருந்தாலும் எங்கிட்ட கனரக லைசென்ஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டு அதை ஓர் ஓட்டு ஓட்டிப் பார்த்தாள். திரும்புவதற்குள் பொம்மை அலமாரி ஆட்டம் கண்டது. “எங்க ரோட்டுக்கு ஆகாது. நடைபாதையில பாதி பைக்கு நிக்குது, மீதி பள்ளம். வேற காட்டுங்க.”

அடுத்தது அழகாக இருந்தது. ஆனால் மடக்க இரண்டு கை வேண்டும். “பஸ் படியில ஏறும்போது ரெண்டு கையும் இங்க இருந்தா பிள்ளைய யாரு பிடிப்பா? நீங்களா வருவீங்க?” மூன்றாவதன் சக்கரம் கடுகளவு மேட்டுக்கே முரண்டு பிடித்தது. அதையும் தள்ளிவிட்டாள்.

நாலாவதில்தான் அவள் மனசு நின்றது. சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு. மாவுப் பையை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வலக்கையால் ஓர் இழுப்பு. வண்டி சமர்த்தாக மடிந்தது.

“நல்லதுதான் எடுத்திருக்கீங்க. ஆனா இதுல கைப்பிடிய ஏத்தி இறக்க முடியாது” என்றாள் கடைக்காரம்மா. “தள்ளப்போறவங்க உயரம் எவ்வளவு?”

ஒட்டடைக்கொம்பு நிமிர்ந்து நின்றாள். “பாத்தா தெரியலையா?”

இருந்த வண்டிகளிலேயே கைப்பிடி உயர்ந்தது அதுதான். குனியாமல், முதுகு நோகாமல் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. வாழ்நாளில் எந்தச் சமையல் மேடையும், எந்தக் கைகழுவும் தொட்டியும் அவளுக்கு இந்த மரியாதையைத் தந்ததில்லை.

வாசலுக்கு வந்தாள். மாவுப் பையை வண்டிக்குள் படுக்கவைத்துப் பெல்ட்டைப் போட்டாள். வெயில் சுள்ளென்று விழ, கூரைத் துணியை முன்னால் இழுத்துவிட்டாள். நிறுத்தத்தில் வந்து நின்றது அவள் கூட்டாளி ஓட்டும் பேருந்து.

“அடியே ஒட்டடைக்கொம்பு! யாரு பிள்ளைடி?”

“பிள்ளை இல்ல, மாவு.”

“மாவா? முகத்த மூடி வேற வச்சிருக்க!”

“வாய மூடிட்டு ரோட்டப் பாரு. பள்ளத்துல விடாம மெதுவா போ.”

தம்பி வீட்டில் அவனும் மனைவியும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மற்ற மூன்றையும் ஏன் தள்ளினாள் என்று அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள். தம்பி மனைவி குள்ளம். அலமாரியின் மேல்தட்டைப் பார்க்க வேண்டுமென்றாலே நாற்காலி போடுகிறவள். ஆசையாகக் கைப்பிடியைப் பிடித்தாள். அது அவள் கழுத்துக்கு நேராக நின்றது. வண்டியைத் தள்ளுகிறாளா, கம்பியில் தொங்குகிறாளா என்று தெரியவில்லை.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அக்கா! பஸ், படி, பள்ளம் எல்லாம் பாத்த. இவளப் பாக்க மறந்துட்டியே!”

ஒட்டடைக்கொம்புக்கு முகம் செத்துப்போனது. கடையில் நின்ற நேரமெல்லாம் அந்த வண்டிக்குப் பின்னால் தன்னை மட்டுமே நிறுத்திப் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

“கொடு, மாத்திட்டு வந்துடறேன்” என்று கையை நீட்டினாள்.

தம்பி மனைவி கொடுக்கவில்லை. கூரைத் துணியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். மாவுப் பை மல்லாந்து படுத்திருந்தது. பெல்ட் பூட்டியிருந்தது. ஒரு பக்கம் சரியாமலிருக்கத் துண்டின் முனை மடித்துச் செருகப்பட்டிருந்தது.

“மாவுக்கு வெயில் ஆகாதா அண்ணி?”

ஒட்டடைக்கொம்பு குனிந்து துண்டின் முனையை நீவிவிட்டாள். தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

“மத்தியானம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

“ரெண்டு... ரெண்டரை. ஏன்?”

“இத மாத்த வேணாம். உங்க வீட்டுலயே இருக்கட்டும். எனக்குக் குட்டையா ஒண்ணு நான் பாத்துக்கறேன்.” சற்று நிறுத்தி, “காப்பகத்துல மத்தியானம் வரைக்கும் விட்டாப் போதும்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க கூட்டிட்டுப் போவீங்கல்ல?” என்றாள்.

ஒட்டடைக்கொம்பு கூரைத் துணியை மறுபடி இழுத்துவிட்டாள். “போவேன்” என்று சொன்னது அவள் காதிலேயே சரியாக விழவில்லை.

இப்போது வண்டி அவள் வீட்டுக் கதவோரம் நிற்கிறது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியதும், கைப்பிடியை ஒரு தரம் முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பாள். சக்கரம் சத்தம் போடாது. வேறு சத்தமும் அந்த வீட்டில் கிடையாது. சப்பாத்திக்கு மாவு தீர்ந்துபோன அன்று வண்டிக்குள் ஒரு பை முழுசாகக் கிடந்தது. அதைத் தொடாமல், கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தாள்.